எல்லாக் கட்டத்திலும் இல்லை

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த மனிதர் ஒன்றரை மாதத்துக்கும் மேல் நிம்மதி இல்லாமல் அலைந்திருக்க மாட்டார். தன்னை ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று அவர் நம்பினார். அப்படி நம்பவைத்தவள் நான். அவர் செய்த தவறெல்லாம் ஒரு படிவத்தில் டிக் அடித்ததுதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. நான் மலேரியா வளர்ப்பவள். கிளமெண்டியில் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே இருபது வருடத்துக்கும் மேலாக மலேரியா ஒட்டுண்ணிகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். "சிங்கப்பூர்லதான் மலேரியாவே இல்லையே, அப்புறம் எதுக்கு லா வளர்க்கிறீங்க?" என்று என் நாத்தனார் இன்றுவரை கேட்கிறாள். என் வீட்டுப் பூந்தொட்டியின் தட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் நின்றதற்கு, அதில் கொசு முட்டையிடும் என்று, அபராதம் கட்டியவள் நான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஒட்டுண்ணியை வளர்ப்பதென்றால் சாதாரணமில்லை. அதற்கு மனித ரத்தத்தின் சிவப்பணு வேண்டும், உடம்புச் சூடு வேண்டும், காற்றில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்க வேண்டும். தினமும் ஊட்டநீரை மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு வந்து மாற்றியிருக்கிறேன். புது மாப்பிள்ளைகூட இத்தனை முறுக்கு காட்ட மாட்டான். இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்போம். ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் மோதிரம்போல நுழையும், தின்று கொழுக்கும், பல துண்டுகளாகும், அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வந்த ஒவ்வொன்றும் ஒரு புது அணுவைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். தாமதித்தால் செத்துவிடும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இவ்வளவும் நடக்கும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டைத் தடவி, ஊதாச் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் மோதிரங்களை எண்ணுவேன். நான் வளர்த்தது வளராமல் போனதில்லை. எங்கள் விஞ்ஞானி புதிதாக வருபவர்களிடம் என்னைக் காட்டி, "இவர் கையில் எதுவும் சாகாது" என்பார். வீட்டில் துளசிச் செடி மூன்று முறை செத்திருக்கிறது. அதை நான் அங்கே சொல்வதில்லை.

எங்கள் விஞ்ஞானி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், சீனப் பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். அதுதான் பயம்.

அந்த வருடம் புதிதாக ஓர் இனத்தை வளர்க்கத் தொடங்கினோம். வெளிநாட்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, உறையவைத்து அனுப்பியிருந்தார்கள். மற்றவையெல்லாம் கடையில் வாங்கும் பொடியைக் கரைத்துக் கொடுத்தால் தின்னும். இது தின்னாது. இதற்கு மனித ரத்தத்தின் சீரமே வேண்டும். சீரம் என்பது ரத்தம் உறைந்தபிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். வழக்கமாக வாங்கும் இடத்தில் அது வரத் தாமதமானது. அதனால் அனுமதி வாங்கி, தாதி ஒருவரை வைத்து, விருப்பப்பட்டு வருபவர்களிடம் ரத்தம் எடுத்தோம். மின்தூக்கி அருகே மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டினோம். அதைத் தமிழில் படித்தவர் ஒரே ஒருவர். அவர் அப்போது ஏணிமேல் நின்றிருந்தார்.

மாதம் ஒருமுறை எங்கள் கட்டடத்து ஏர்கான்களைச் சுத்தம் செய்ய வருபவர் அவர். நாமக்கல் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். கிராஞ்சியில் விடுதி, லாரியில் வருவார். வந்ததும் நேராக என் அறைக்கு வந்து, தலைக்கு மேலே இருக்கும் ஏர்கானைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

"அக்கா, உங்க ரூமு ஏர்கானுக்கு மட்டும் எப்பவும் சளி புடிச்சே இருக்குக்கா. நீங்க ஏதாவது திட்டுறீங்களா அத?"

"போன மாசம் நீங்க தொடச்ச லட்சணம் அப்படி, தம்பி."

இந்தப் பேச்சு மாதா மாதம் நடக்கும். யார் கடைசியில் சொன்னாரோ அவருக்கு வெற்றி. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அந்த இரும்பு உடம்புப் பெருமைதான். தும்மினால்கூட ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் கன்னம் ஒரு பக்கம் பூரிபோல உப்பி வந்தார். பல்வலிக்காக விடுதி மருத்துவரிடம் போனதாகவும், அங்கே கொடுத்த படிவத்தில் 'வலி உள்ளதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்ததாகவும், மருத்துவர் "அப்புறம் ஏன்யா வந்த?" என்று கேட்டதாகவும் அவரே சொன்னார். நான் நாள் முழுக்கச் சிரித்தேன்.

ரத்தம் கொடுக்க அவர் வந்தபோது தாதி இரண்டு பக்கப் படிவத்தைத் தமிழில் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பேனாவை மூடிவிட்டார். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. இதயநோய் இல்லை, சர்க்கரை இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, மலேரியா இல்லை. கடைசிக் கேள்வி, 'மேலே உள்ளவற்றைப் படித்துப் புரிந்துகொண்டீர்களா?' அதற்கும் இல்லை. அதை மட்டும் தாதி திருத்தச் சொன்னார். மற்றவற்றை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததே தவிர வேறெதுவும் தோன்றவில்லை. மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன். புட்டிகளுக்கு எண் ஒட்டியதும் நான்தான். யார் எந்த எண் என்பது பட்டியலில் மட்டும் இருக்கும், அந்தப் பட்டியலை நாங்கள் பார்க்கக்கூடாது. ஆனால் ஒட்டிய கைக்கு மறந்துவிடுமா என்ன? அவர் ஏழு.

எல்லாச் சீரத்தையும் ஒன்றாகக் கலந்து புது மாப்பிள்ளைக்குப் பரிமாறினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மோதிரங்கள் கூடவில்லை. நாலு நாளில் குறைந்துவிட்டன. ஆறாம் நாள் ஒரு சில்லு முழுக்கத் தேடி விரல்விட்டு எண்ணும் அளவே கண்டேன். உறையவைத்திருந்த இன்னொரு குப்பியை உருக்கி மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே கதை. விஞ்ஞானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிகவும் மென்மையாக, நான் களைத்துப்போயிருக்கிறேனா என்று கேட்டார். கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாமே, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. அன்று கழிப்பறையில் போய் நின்று இரண்டு சொட்டு அழுதேன் என்பதை இத்தனை நாள் கழித்து ஒத்துக்கொள்வதில் அவமானமில்லை.

கோபத்தில் செய்யும் வேலை எனக்கு எப்போதும் நன்றாகவே வரும். ஒவ்வொருவர் சீரத்தையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனித் தட்டில் ஒட்டுண்ணியைப் போட்டேன். ஏழாம் எண் தவிர எல்லாவற்றிலும் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஏழில் ஒட்டுண்ணி உள்ளே தின்றது, பெருத்தது, உடைத்துக்கொண்டு வெளியேயும் வந்தது. வந்த இடத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குப்பையாகக் கிடந்தது. அடுத்த அணுவுக்குள் நுழைய முடியவில்லை. தப்பிப் பிழைத்த சிலவும் சில நாளில் பிறைநிலா வடிவத்துக்கு மாறத் தொடங்கின. அந்த வடிவம் ரத்தத்தில் பெருகாது. கொசு வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருக்கும். வீட்டுக்காரர் நெருக்கினால் குடியிருப்பவர் மூட்டை கட்டுவதில்லையா, அப்படித்தான் அதுவும் செய்கிறது என்று விஞ்ஞானி நினைக்கிறார். என் தட்டில் எந்தக் கொசு வரப்போகிறது? பாவம், அதற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் தெரியாது.

சீரத்தில் ஏதாவது மருந்து கலந்திருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். பல்வலிக்கு மாத்திரை போட்டிருப்பாரோ என்று எனக்கு மட்டும் ஓர் எண்ணம் ஓடியது. சீரத்திலிருந்து எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, மட்டும் தனியாகப் பிரித்து, சுத்தம் செய்து, அதை ஒட்டுண்ணிமேல் விட்டோம். அதே கதைதான். ஆக, மருந்தல்ல. ஒரு கிருமியைப் பலமுறை சந்தித்த உடம்பு, அதை அடையாளம் வைத்துக்கொண்டு செய்யும் காவல் அது. ஒருமுறை இருமுறை காய்ச்சலில் இவ்வளவு வராது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, திரும்பத் திரும்பப் பிழைத்திருக்க வேண்டும். கிருமி இப்போது அந்த ரத்தத்தில் இல்லை. அதை அடித்து விரட்டியவர்கள் மட்டும் இன்னும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள்.

விஞ்ஞானிக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஒட்டுண்ணியின் எந்தப் பகுதியை இந்த எதிர்ப்பொருள் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தால் தடுப்பூசிக்கு வழி கிடைக்கும் என்றார். அதற்கு ஏழாம் எண்ணின் ரத்தம் மறுபடி வேண்டும், அவர் வாயால் உண்மையும் வேண்டும், ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் மூலம் முறைப்படி கேட்போம் என்றார். எனக்கோ என் கை தப்பு செய்யவில்லை என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி மழுங்கியது.

அடுத்த நாள் அவர் ஏணியில் ஏறியிருந்தார். முறைப்படி என்ற வார்த்தையெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"இரும்பு உடம்புக்காரரே," என்றேன் கீழிருந்து, "உங்களுக்கு மலேரியா எத்தன தடவ வந்துச்சு? ஏன் ஃபார்ம்ல பொய் சொன்னீங்க? உங்க ரத்தம் எல்லாத்தயும் காட்டிக்குடுத்துருச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் பதிலுக்கு ஏதாவது சொல்வார், நான் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு எதுவும் வந்ததில்லக்கா," என்றார். ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார். வடிகட்டியைத் திரும்ப மாட்டக்கூட இல்லை.

அடுத்த மாதம் வேறு ஒருவர் வந்தார். இவர் எங்கே என்று கேட்டேன். "அவரு வேற சைட்டு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாருக்கா. ஏதோ மெடிக்கல் பிரச்சினை, ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு. சரியாச் சாப்புடறதுகூட இல்ல" என்றார் அந்த மனிதர். அன்றே விஞ்ஞானியிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் மிக மிக மரியாதையாகப் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தை விவரிக்க விருப்பமில்லை. பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் விசாரித்தோம். என்றோ வந்து குணமான மலேரியாவுக்காக அவரை யாரும் அனுப்பமாட்டார்கள், எங்களிடம் சொன்னது எதுவும் அவர் கம்பெனிக்குப் போகாது என்று உறுதியாகத் தெரிந்தது. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் அவர் எடுக்கவில்லை. கடைசியில், குழப்பியவளே போய்ச் சரிசெய்யட்டும் என்று ஒருங்கிணைப்பாளர் ஒரு புதுப் படிவத்தை என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் திரும்பும் சந்தில் ஒரு பரோட்டாக் கடை. சிங்கப்பூரிலேயே அங்கேதான் சால்னா சால்னாவாக இருக்கிறது என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு ஞாயிறு வீணாகப் போனது. சால்னாவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. மூன்றாவது ஞாயிறு மதியம், சுவரோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதிப் பரோட்டாவை விட்டுவிட்டு எழுந்தார்.

"சாப்புட்டு ஓடுங்க தம்பி," என்றேன். "நான் போலீஸ் இல்ல."

எதிரில் உட்கார்ந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வராத கலை, ஆனாலும் கேட்டேன். பிறகு ஒருங்கிணைப்பாளர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஏஜென்ட் சொன்னதுக்கா," என்றார் மெதுவாக. "மெட்ராஸ்ல மெடிக்கல் எடுக்கறதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் வரிசையா உக்காரவச்சு, எந்தப் பேப்பர் குடுத்தாலும் இல்லைன்னு போடுங்க, ஒரு ஆமான்னு போட்டா ஃப்ளைட் கெடையாதுன்னு சொன்னாரு. அதுலருந்து கைக்கு அதான் பழக்கம். நான் மட்டும் இல்லக்கா, எங்க ரூமுல பன்னெண்டு பேரும் அப்படித்தான்."

அந்தப் பல்வலிக் கதைக்கு நான் நாள் முழுக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"இப்ப ஒரு ஆமா போட்டா என்ன ஆகும்னு சொல்லட்டுமா?" என்றேன். "நீங்க மறைச்சீங்களே, அதத்தான் எங்க மேடம் தங்கம் மாதிரி தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க ரத்தத்துல இருக்கறது எங்க இன்குபேட்டர்ல கிருமிய ஒரு அடி நகர விடல. நான் மூணு வாரம் சோறு போட்டு வளர்த்த கிருமி. எனக்கு வேல போகப் பாத்துச்சு உங்களால."

முதன்முறையாக அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. "அப்ப இரும்பு உடம்புதானக்கா?"

"ஆமாய்யா, ஒத்துக்கறேன்."

படிவத்தை எண்ணெய் படாத இடமாகப் பார்த்து விரித்துவைத்தேன். மலேரியா என்ற வரியின் எதிரே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். இரண்டு பக்கத்தை அரை நிமிடத்தில் முடித்த ஆள். 'ஆம்' என்ற கட்டத்துக்குமேல் பேனா போய்ப் போய்த் திரும்பியது. கடைக்காரர் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். பிறகு சட்டென்று டிக் அடித்தார். அடுத்த வரியில் எத்தனை முறை என்று கேட்டிருந்தது. அதற்கு, எண்ணவில்லை என்று எழுதினார்.

"போர் போடற ரிக் வண்டில எட்டு வருஷம்க்கா," என்றார். "சத்தீஸ்கர், ஒரிசா, எல்லாம் காடு. வண்டிக்கு அடியிலதான் படுக்கை. மொத வருஷம் காச்சல்ல செத்துட்டேன்னே நெனச்சாங்க. அப்புறம் வரும், போகும். நாலஞ்சு வருஷம் ஆனதுக்கப்புறம் காச்சலோட பைப்பு தூக்குவேன். சும்மா தலவலி மாதிரி."

"உடம்பு கத்துக்கிச்சு."

"ஆமாக்கா. என் கூடப் பொறந்தவன் கத்துக்கல."

அவரே சொன்னார். ஏழாவது வருடம் தன் தம்பியையும் வண்டிக்கு அழைத்துப்போனார். இருபது வயது. மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. ஒரே தார்ப்பாயில் படுத்திருந்தார்கள். இவர் மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி வைத்தார். தம்பிக்கு அதுதான் முதல் காய்ச்சல். நாலாம் நாள் அண்ணனையே யாரென்று தெரியாமல் பேசினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

பரோட்டாக் கடையில் கூட்டம் ஏறிவிட்டது. யாரோ எங்கள் மேசையில் மீதி இருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"இப்ப என் ரத்தத்துல இருக்குன்னு சொல்றீங்களே, அது அன்னிக்கும் இருந்திருக்கும்ல? அவன் பக்கத்துலயேதானக்கா படுத்திருந்தேன். அதுல கொஞ்சம் எடுத்து அவனுக்கு ஏத்தியிருந்தா பொழச்சிருப்பானா?"

எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பல வருடங்களுக்கு முன்பே, மலேரியாவுக்குப் பழகிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து, காய்ச்சலில் கிடந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்திருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுப்பேன். வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிடுபவள் என்று எனக்கு ஊரெல்லாம் பெயர் இருக்கிறது.

"இல்ல தம்பி," என்றேன். "அதெல்லாம் நடக்காது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் தலையாட்டினார். தட்டை அருகில் இழுத்து, ஆறிப்போன பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தார். அந்த 'இல்லை'யைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.